துணை ஜனாதிபதி ஹம்ப்ரி: 27 ஆண்டுகளுக்குப் பின் தெரிந்த உண்மை

அமெரிக்காவில் 1965 முதல் 1969 வரை துணை ஜனாதிபதியாக இருந்தவர் ஹியூபர்ட் ஹம்ப்ரி. ஜனாதிபதி பதவியை மயிரிழையில் தவறவிட்டவர். சிறுநீர்ப்பைப் புற்றுநோயால் 1978-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 66.

அவர் இறந்து 16 ஆண்டுகள் கழிந்த பிறகு, அவருடைய சிறுநீரைப் பரிசோதித்த விவரம் ஒரு மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அந்தச் சிறுநீர் 1967-ம் ஆண்டில் எடுக்கப்பட்டது. அதில் இருந்த ஒரு சின்னஞ்சிறு பிழை, அவர் வாழ்க்கையின் கடைசிப் பத்து ஆண்டுகளையே வேறு விதமாக எண்ணிப் பார்க்க வைத்தது.

மருந்துக் கடைக்காரர் மகன்

ஹம்ப்ரி பிறந்தது 1911-ம் ஆண்டு மே 27-ந் தேதி. ஊர், தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் வாலஸ் என்ற சிற்றூர். தந்தை மருந்துக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே இருந்த மாடி அறையில்தான் ஹம்ப்ரி பிறந்தார். தாய் நார்வே நாட்டில் இருந்து குடியேறியவர்.

பிறகு குடும்பம் டோலண்ட் என்ற ஊருக்குப் போயிற்று. சுற்றிலும் கோதுமை வயல்கள். விவசாயிகள் கையில் பணம் இருந்தால் கடையில் வியாபாரம் நடக்கும். இல்லாவிட்டால் கடன் நோட்டுதான் நிறையும். 1920-களின் பிற்பகுதியில் விளைபொருள் விலை சரிந்தது. ஊரில் இருந்த இரண்டு வங்கிகளும் மூடப்பட்டன. கடனை அடைப்பதற்காகத் தந்தை சொந்த வீட்டை விற்றார். அது நடந்தபோது ஹம்ப்ரி பள்ளிக்கூட மாணவர். பின்னாளில் அவர் ஏழை விவசாயி, தொழிலாளி என்று பேசியதெல்லாம் புத்தகத்தில் படித்துப் பேசியது அல்ல.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், பணம் இல்லாமல் 1931-ல் படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. தந்தை ஹூரான் என்ற ஊரில் புதிதாகக் கடை திறந்திருந்தார். அதற்கு உதவுவதற்காக டென்வர் நகருக்குப் போய் மருந்தாளர் படிப்புப் படித்தார். இரண்டு ஆண்டுப் பாடத்தை ஆறே மாதத்தில் முடித்தார்! ஆறு ஆண்டு கடையில் நின்று மருந்து கலந்து கொடுத்தார். மனிதருக்கும் மருந்து, மாட்டுக்கும் மருந்து, இரண்டும் அந்தக் கடையில் கிடைத்தன.

1936-ல் மூரியல் பக் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு, கடையை விட்டு மீண்டும் கல்லூரிக்குப் போனார். 1939-ல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 28. மேல்படிப்புக்குத் தென் மாநிலமான லூசியானாவுக்குச் சென்றார். அங்கே வெள்ளையருக்குத் தனி வாசல், கறுப்பருக்குத் தனி வாசல், குடிதண்ணீர்க் குழாய் கூடத் தனித்தனி. அந்த ஓர் ஆண்டு அவர் மனதைப் பெரிதும் மாற்றியது.

கட்சியை உலுக்கிய பேச்சு

1945-ல் மினியாபொலிஸ் நகர மேயர் ஆனார். வயது 34. வேலை கொடுப்பதில் நிறம், மதம் பார்க்கக் கூடாது என்று 1947-ல் நகரசபைச் சட்டம் கொண்டு வரச் செய்தார். மீறினால் தண்டனை உண்டு. அமெரிக்க நகரங்களுக்கு அது புதிது.

1948 ஜூலையில் பிலடெல்பியாவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தது. கறுப்பர் உரிமையை எதிர்க்கும் தென் மாநிலத்துக்காரர்களைப் பகைத்தால் தேர்தலில் தோல்வி நிச்சயம் என்று கட்சித் தலைவர்கள் அஞ்சினார்கள். அந்த மேடையில் ஏறி, உரிமைத் தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார் இளம் மேயர் ஹம்ப்ரி. பேசியது பத்து நிமிடத்துக்கும் குறைவு. தீர்மானம் வென்றது. தென் மாநிலப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர் வெளிநடப்புச் செய்தார்கள். தெற்கு டக்கோட்டா பிரதிநிதியாக வந்திருந்த அவருடைய தந்தையும் அந்தக் காட்சியைக் கண்டார்.

அதே ஆண்டு ஹம்ப்ரி செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

செனட்டில் அவர் எடுத்துக்கொண்ட காரியங்களில் ஒன்று நம் நாட்டையும் தொட்டது. அமெரிக்காவில் விளைந்து மிஞ்சிய தானியத்தை வெளிநாடுகளுக்குக் கொடுக்க 1954-ல் ஒரு சட்டம் வந்தது. அதுதான் பி.எல். 480. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஹம்ப்ரி முக்கியமானவர். ரேஷன் கடை வரிசையில் நின்று அந்தச் சிவப்புக் கோதுமையை வாங்கி, சப்பாத்தி சுடத் தெரியாமல் தவித்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சென்னை மாநிலப் பள்ளிகளின் மதிய உணவுக்கு 1961 முதல் 'கேர்' நிறுவனம் மூலம் வந்த பால் பவுடரும் அமெரிக்க உபரியில் இருந்து வந்ததே. அதை வெறும் தருமம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க விவசாயியின் களஞ்சியம் காலியாக வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. மருந்துக் கடை மகனான ஹம்ப்ரி அந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்.

60 நாள் போராட்டம்

1964-ல் கறுப்பர்களுக்குச் சம உரிமை வழங்கும் மசோதா செனட் சபைக்கு வந்தது. அதை நிறைவேற்றும் பொறுப்பு ஹம்ப்ரியிடம் விடப்பட்டது. எதிர்ப்பாளர்கள் ஓயாமல் பேசியே நாளைக் கடத்தினார்கள். அறுபது வேலை நாட்கள் இப்படிப் போயின. பேச்சை நிறுத்த வேண்டுமானால் 67 ஓட்டு வேண்டும். ஹம்ப்ரி யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் டர்க்சன் வீட்டு வாசலுக்குப் போகாத குறையாக அவரை வசப்படுத்தினார்.

ஜூன் 10-ந் தேதி ஓட்டெடுப்பு. கலிபோர்னியாவைச் சேர்ந்த செனட்டர் கிளேர் எங்கிள் மூளையில் கட்டி நோயால் பேச்சிழந்திருந்தார். சக்கர நாற்காலியில் வந்தவர், தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண் என்ற சொல்லும், ஆம் என்று ஓட்டளிக்கும் சொல்லும் ஒரே ஒலி. அவருடைய ஓட்டும் சேர்ந்து 71 கிடைத்தது. ஜூலை 2-ந் தேதி மசோதா சட்டமாயிற்று.

வெற்றி கைக்கு எட்டிய அந்த ஜூன் மாதத்தில்தான் ஹம்ப்ரியின் மகன் ஒருவருக்குக் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. அவருக்கு வயது 20. ஆபரேஷன் செய்து பிழைத்துக்கொண்டார். தந்தைக்குப் பின்னால் வந்த நோய்க்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் அப்படிப் போடுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஜான்சன் நிழலில்

1964 தேர்தலில் ஜான்சன் ஜனாதிபதியாகவும், ஹம்ப்ரி துணை ஜனாதிபதியாகவும் வென்றார்கள். 1966 ஜனவரியில் லால்பகதூர் சாஸ்திரியின் இறுதிச் சடங்குக்கு அமெரிக்காவின் சார்பில் டெல்லி வந்தவர் ஹம்ப்ரிதான். பிப்ரவரியில் மீண்டும் வந்தார். நாட்டில் மழை பொய்த்து, கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த நேரம் அது.

வியட்நாம் போர் அவருக்கு முள்ளாயிற்று. போரை விரிவாக்க வேண்டாம் என்று 1965 பிப்ரவரியிலேயே ஜான்சனுக்கு ரகசியக் கடிதம் எழுதினார். ஜான்சன் அதை விரும்பவில்லை. முக்கிய ஆலோசனைக் கூட்டங்களுக்கு ஹம்ப்ரியை அழைப்பது நின்றது. அதன் பிறகு ஹம்ப்ரி மாறினார். ஊர் ஊராகப் போரை ஆதரித்துப் பேசினார். பதவிக்காகப் பணிந்தார் என்று பழைய நண்பர்களே தூற்றினார்கள். அந்தப் பழியில் உண்மை இல்லாமல் இல்லை.

சிவந்த சிறுநீர்

1967-ம் ஆண்டு. துணை ஜனாதிபதியின் சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தது.

டாக்டர்கள் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெரிய கட்டி எதுவும் இல்லை. சிறுநீரில் உதிர்ந்து வந்த உயிரணுக்களை மைக்ராஸ்கோப் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். அங்கேதான் சிக்கல். உயிரணுக்களின் உருவம் சரியில்லை, புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகித்தார் ஒருவர். மற்றவர்கள் அதை ஒப்பவில்லை. ஒரே உயிரணுவைப் பார்த்து நிபுணர்கள் வேறு வேறு விதமாகச் சொல்வது இன்றும் நடப்பதுதான். அன்று உருவத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கடைசியில் பெரிய சிகிச்சை எதுவும் வேண்டாம், அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அடுத்த ஆண்டு அமெரிக்க அரசியல் தலைகீழாகப் புரண்டது. 1968 மார்ச் 31-ந் தேதி, மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதக் கடைசியில் ஹம்ப்ரி வேட்பாளராகக் களத்தில் இறங்கினார். ஜூனில் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் ஹம்ப்ரி வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, வெளியே தெருவில் போலீசார் இளைஞர்களை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில்தான் வியட்நாம் குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று சொல்லும் துணிவு அவருக்கு வந்தது. ஆதரவு வேகமாகத் திரும்பியது. ஆனால் நாள் போதவில்லை. நிக்சனிடம் சுமார் 5 லட்சம் ஓட்டில் தோற்றார். பதிவான ஓட்டு 7 கோடிக்கும் மேல்.

நோய் வென்றது

1970-ல் மீண்டும் செனட்டர் ஆனார். 1972-ல் மறுபடி ஜனாதிபதி வேட்பாளராக முயன்று, கட்சிக்குள்ளேயே தோற்றார். 1973-ல் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. ரத்தம் கண்டு ஆறு ஆண்டு ஆகியிருந்தது. எக்ஸ்ரே கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். 1976-ல் நோய் ஆழமாக இறங்கிவிட்டது. அக்டோபரில் நியூயார்க் நகரில் பெரிய ஆபரேஷன் செய்து சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதத் தேர்தலில் மினசோட்டா மக்கள் அவரை மீண்டும் செனட்டராக்கினார்கள்.

அந்த ஆபரேஷனுக்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான், கனடா நாட்டு டாக்டர் அல்வாரோ மொராலஸ் ஒரு புது சிகிச்சையைப் பற்றி எழுதியிருந்தார். குழந்தைகளுக்குக் கையில் போடும் பி.சி.ஜி. மருந்தை வாரம் ஒரு முறை, ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது. ஒன்பது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். சென்னை கிண்டியில் 1948 முதல் தயாரிக்கப்பட்டு வந்த காசநோய்த் தடுப்பு மருந்தின் இனம்தான் அது. மேலோட்டமாக இருக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இன்றும் முதல் மருந்துகளில் ஒன்று. ஆனால் ஹம்ப்ரிக்கு நோய் மேலோட்டமான கட்டத்தை என்றோ தாண்டிவிட்டது.

1977 ஆகஸ்டில் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர்கள், இடுப்புக் குழியில் கட்டி பரவியிருப்பதைக் கண்டார்கள். எடுக்க வழியில்லை. உடல் மெலிந்து, முகம் ஒட்டிய நிலையில் அக்டோபரில் அவர் செனட் சபைக்குத் திரும்பினார். ஜனாதிபதி கார்ட்டர் தம் விமானத்திலேயே அவரை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்றார். செனட்டர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கடைசி நாட்களில் படுக்கையில் இருந்தபடியே டெலிபோனில் நண்பர், எதிரி என்று பாராமல் பலரிடம் விடைபெற்றார். ஊழல் புகாரில் 1974-ல் பதவி விலகி ஒதுங்கியிருந்த நிக்சனையும் அழைத்துப் பேசினார். தம் இறுதிச் சடங்குக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நிக்சன் வந்தார். கணவரின் செனட்டர் பதவியில் மூரியல் அம்மையார் சில மாதம் இருந்தார்.

ஓர் எழுத்துப் பிழை

உடலில் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் இரண்டாகப் பிரியும்போது, தன்னிடம் உள்ள மரபணுக் கணக்கு முழுவதையும் ஒரு நகல் எடுக்கிறது. நாலே எழுத்துகளில் எழுதிய கணக்கு அது. மொத்தம் சுமார் 300 கோடி எழுத்து. அவ்வளவையும் நகல் எடுக்கும் குமாஸ்தா எவ்வளவு கெட்டிக்காரனானாலும் பிழை விழும். அதைப் பார்த்துத் திருத்த ஒரு மேற்பார்வையாளர் உண்டு. அந்த மேற்பார்வையாளரின் பெயர் பி-53. பிழை கண்டால் வேலையை நிறுத்தி வைக்கும். திருத்த முடியாத பிழையானால் அந்த உயிரணுவையே மடியச் செய்யும். இதைச் செய்யும் புரதத்தை 1979-ல் கண்டுபிடித்தார்கள். ஹம்ப்ரி இறந்து ஓர் ஆண்டுக்குப் பிறகு!

அந்த மேற்பார்வையாளரையே உருவாக்கும் மரபணுவில் பிழை விழுந்தால் என்ன ஆகும்? கேட்பார் இல்லாத அலுவலகம்தான். பிழை மேல் பிழை சேரும், உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகும்.

பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் 1976-ல் எடுத்த ஹம்ப்ரியின் கட்டியைச் சோதித்தார்கள். பி-53 மரபணுவில் 227-ம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பிறகு 1967-ல் பாதுகாத்து வைத்த சிறுநீர் உயிரணுக்களை எடுத்தார்கள். துளி அளவு மரபணுப் பொருளைக் கோடிக்கணக்காகப் பெருக்கிப் பார்க்கும் முறை 1980-களில் வந்திருந்தது. அதன் மூலம் பார்த்தார்கள். அதே 227-ம் இடம். அதே எழுத்துப் பிழை!

அதாவது, நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் நின்ற அந்த நாளிலேயே, ஒன்பது ஆண்டு கழித்துச் சிறுநீர்ப்பையை எடுக்க வைத்த நோய் அங்கே இருந்தது. சந்தேகப்பட்டவர் பக்கமே உண்மை இருந்தது.

இந்தப் பிழை பெற்றோர் கொடுத்தது அல்ல, பிள்ளைகளுக்குப் போவதும் அல்ல. வாழ்நாளில் சிறுநீர்ப்பையின் ஓர் உயிரணுவில் விழுந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் இப்படித்தான். எந்த மரபணுவில் பிழை விழுகிறது என்பதைப் பொறுத்து நோயின் போக்கும் மாறுகிறது. எப்.ஜி.எப்.ஆர்.-3 என்ற மரபணுவில் பிழை உள்ள கட்டிகள் பெரும்பாலும் மேலோடு நிற்பவை. வெட்டி எடுத்தாலும் திரும்பத் திரும்ப முளைக்கும், ஆனால் உயிரை வாங்குவது குறைவு. அந்தப் பிழை இருந்தும் பரவிவிட்ட நோய்க்குத் தனி மாத்திரையே 2019-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. பி-53 கெட்ட கட்டிகள் பொல்லாதவை. தசைக்குள் இறங்கிய சிறுநீர்ப்பைக் கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் பி-53 பழுதுபட்டிருக்கிறது. ஹம்ப்ரிக்கு வாய்த்தது அந்த வகை.

பிறவியிலேயே வரும் மரபணு வேறுபாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சாயப் பட்டறை, ரப்பர்த் தொழிற்சாலை, பீடி சிகரெட் புகை ஆகியவற்றில் உள்ள சில நச்சுகள் ரத்தத்தில் கலந்து சிறுநீர் வழியே வெளியேறுகின்றன. போகும் வழியில் சிறுநீர்ப்பையைக் கெடுக்கின்றன. ஜெர்மனியில் சாயத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவதை லுட்விக் ரேன் என்ற டாக்டர் 1895-லேயே எடுத்துக் காட்டினார். இந்த நச்சை முறிக்க என்.ஏ.டி.-2 என்ற மரபணு உதவுகிறது. சிலருக்கு அது பிறவியிலேயே மந்தமாக வேலை செய்யும் வகையாக அமைகிறது. அவர்கள் புகைபிடித்தால் மற்றவர்களைவிட ஆபத்து அதிகம். வகை எதுவானாலும், வலி இல்லாமல் ஒரே ஒரு முறை சிறுநீர் சிவந்து போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதாலேயே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

எழுந்த கேள்வி

1967-ல் உண்மை தெரிந்திருந்தால் ஹம்ப்ரி 1968-ல் போட்டியிட்டிருப்பாரா? உடனே ஆபரேஷன் செய்துகொண்டு அரசியலை விட்டு விலகியிருப்பாரா? அவர் விலகியிருந்தால் நிக்சனை எதிர்த்து வேறொருவர் நின்று வென்றிருக்கக் கூடும். வியட்நாம் போரின் முடிவும் வேறாகியிருக்கலாம். சரித்திரத்தில் இப்படிக் கேட்டுக்கொண்டே போகலாம், விடை கிடைக்காது. ஒன்று மட்டும் சொல்ல முடியும். அன்று நோய் மேலோட்டமாக இருந்தபோதே சிறுநீர்ப்பையை எடுத்திருந்தால் அவர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்திருக்கும். பி.சி.ஜி. சிகிச்சை இல்லாத அந்த நாளில் அது ஒன்றே நல்ல வழி. சந்தேகத்தின் பேரில் ஒரு துணை ஜனாதிபதியின் உறுப்பை வெட்டி எடுக்க அன்று எந்த டாக்டரும் துணிந்திருக்க மாட்டார் என்பதும் உண்மைதான்.

பால்டிமோர் ஆராய்ச்சியாளர்களின் கட்டுரை 1994-ம் ஆண்டு மே 5-ந் தேதி வெளிவந்தது. ஹம்ப்ரியைத் தேர்தலில் வென்ற நிக்சன், அதற்கு 13 நாட்களுக்கு முன்பு ஏப்ரல் 22-ந் தேதி காலமாகியிருந்தார்.